கண்டல் காட்டுக்கு விலை கேட்டுப் போனவள்

கடைக்காரர் பொருளைக் காட்டி விலை சொல்வார். எங்கள் தொழிலில், விற்பனைக்கு இல்லாத ஒன்றைக் காட்டி, விலையை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

இயற்கை வளங்களுக்குப் பொருளியல் முறையில் பெறுமதி காண்பது என்று இதற்குப் பெயர். திருகோணமலைக் கரையோரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் களப்புகள், அவற்றைச் சுற்றி உப்புச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள், கடற்கரைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெறுமதி தெரிந்தால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அலுவலகங்கள் யோசித்து முடிவெடுக்கும் என்பது திட்டம். கணக்குப் போட்டவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சேர். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கேட்டவள் நான். நீங்களும் கேள்வித்தாளோடு படலை திறந்து, நாய்க்குப் பயந்து, "போன கிழமையும் ஒருத்தர் வந்து எழுதினவர்" என்ற பேச்சைக் கேட்டு நின்றவர் என்றால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

சைபர்

முதல் நாள் சாம்பல்தீவு. முதல் வீட்டில் யோகன் அண்ணை தோணி இயந்திரத்தைக் கழற்றி, சாக்கில் பரப்பி வைத்திருந்தார். களப்பில் நண்டும் இறாலும் பிடிப்பவர். பயிற்சியில் சொல்லித் தந்தபடியே கேட்டேன்: இந்தக் கண்டல் காடு அழியாமல் பாதுகாக்க ஒரு நிதி தொடங்கினால், மாதம் எவ்வளவு தர விரும்புவீர்கள்? அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தர ஏலாது என்றார். நான் சைபர் என்று பதிந்தேன்.

அவர் எழும்பி வந்து என் டப்லெட்டை எட்டிப் பார்த்தார். சைபர் என்றால் கணக்கில் என்ன அர்த்தம் என்று கேட்டார். இந்தக் காட்டால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் அந்தக் காட்டை நம்பித்தான் சீவிக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "பிள்ளை, அந்தச் சைபரை அழியுங்கோ. எனக்கு வேண்டாம் எண்டது வேற, என்னட்டக் காசில்லை எண்டது வேற. ரெண்டுக்கும் ரெண்டு இலக்கம் கண்டுபிடிச்சுக்கொண்டு வாங்கோ."

பக்கத்து வீட்டுக் கடல்

கடற்கரைக்குப் பெறுமதி காண்கிற முறை வேறு. வருகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு செலவழித்து வந்தார் என்று கேட்பது. அவ்வளவு செலவழிக்கிறார் என்றால் அந்தக் கடல் அவருக்கு அவ்வளவு பெறுமதி. உப்புவெளியில் இரண்டு நாள் நின்றேன். கண்டியிலிருந்து வான் பிடித்து வந்த குடும்பங்கள் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். செலவு எவ்வளவு என்று கேட்டதும் கணவன் ஒரு தொகை சொல்ல, மனைவி அதை இரண்டு மடங்காக்குவார். நான் மனைவி சொன்னதையே பதிந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் சைக்கிளில் ஒருவர் வந்தார். துறைமுகத்தில் கிளாக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீடு நாலு ஒழுங்கை தள்ளி. மழை நாள் தவிர ஒவ்வொரு நாளும் வந்து, மணலில் குந்தியிருந்து, இருட்டுவதற்கு முதல் போய்விடுவார். பயணச் செலவு இல்லை. சாப்பாடு, தங்குமிடம் இல்லை. கணக்குப்படி அவருக்குக் கடலின் பெறுமதி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முறையை அவருக்கு விளக்கினேன். கிளாக் வேலை பார்த்தவர் அல்லவா, பிழை எங்கே என்று உடனே பிடித்துவிட்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் கண்டிக்கு வீடு மாறினால்தான் இந்தக் கடலுக்கு மதிப்புக் கூடுமோ?"

ரபீக் நானாவின் மூன்று அழைப்புகள்

கிண்ணியாவில் ரபீக் நானா இறால் வாங்கி விற்பவர், தானும் வலை போடுபவர். அங்கே கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்க வேண்டியிருந்தது. களப்பில் இறால் பிடிக்கும் உரிமையை முழுக்க விட்டுக்கொடுப்பதென்றால் எவ்வளவு கேட்பீர்கள்? நானா கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ வரவழைத்து, வாங்குவது யார், சாட்சி யார் என்றெல்லாம் விசாரித்தார். இது ஒரு கற்பனைக் கேள்விதான் என்று நான் சொல்லச் சொல்ல, நல்ல வியாபாரி இப்படித்தான் சொல்லுவார் என்று தலையாட்டினார். பிறகு ஒரு விலை சொன்னார்.

அன்று பின்னேரமே அழைப்பு வந்தது. மகன்மாரை யோசிக்கவில்லையாம், விலை இரண்டு மடங்கு. அடுத்த நாள் காலை இன்னொரு அழைப்பு. வலை, தோணி எல்லாம் சும்மா கிடக்கும், அதையும் சேர்க்க வேண்டுமாம். நான் மாற்றி மாற்றிப் பதிந்தேன். இந்த மனிதர் எங்கே போய் நிற்பார் என்று அறிய எனக்கும் ஆவல். அதற்கு அடுத்த நாள் அவர் குரல் இறங்கியிருந்தது. இரண்டு நாளாக அவர் போட்ட கணக்கை மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அதையே நானா என்னிடம் கேட்டார்: "மகள், அந்த விலைய வெட்டிப்போடுங்க. காச வாங்கிட்டு மறுநாள் விடியக்க நான் எழும்பி எங்க போறதெண்டு ஒங்கட தாள்ல எழுதியிரிக்கா?"

ஒரு வருஷத்தால் வரும் காசு

ஆட்களின் பொறுமையை அளக்கவும் ஒரு கேள்வி இருந்தது. இன்றைக்கு ஒரு தொகை வேண்டுமா, ஒரு வருஷம் கழித்து அதைவிடக் கொஞ்சம் கூடிய தொகை வேண்டுமா? கையில் இல்லாதவர் இன்றைக்குத்தான் கேட்பார், அதனால்தான் குஞ்சு மீனையும் அள்ளுகிறார் என்பது சேரின் எண்ணம். சாம்பல்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்த ஒரு மீனவர் மட்டும் ஒரு வருஷம் கழித்து என்றார். இப்படி ஒரு தொலைநோக்கா என்று நான் வியந்து காரணம் கேட்டேன். அவர் குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "இண்டைக்கு வந்தால் வீட்டில எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. ஒரு வருஷத்தால வந்தால் எனக்கு மட்டுந்தானே ஞாபகம் இருக்கும்."

சம்பூரில் ஒரு பட்டியல்

சம்பூரில் என் டப்லெட்டில் களப்பின் வரைபடம் தெரிந்ததுமே பரமேஸ்வரி அக்காவின் முகம் மாறியது. அவருடைய கணவர் திட்டத்தின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டு வாங்கி, இரண்டு தரம் வாசித்தார். படம் கீறிக்கொண்டு வருகிறவர்கள் பிறகு இடத்தை எடுப்பார்கள் என்ற பயம். 2006இல் ஊரைவிட்டு ஓடி, வருஷக்கணக்காக முகாமில் கிடந்து, மீளக் குடியேறிய குடும்பம். நான் இருக்கிறதா போகிறதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அக்காவே பாயைத் தட்டிப் போட்டார்.

நான் கேள்வியைத் தொடங்கினேன். "இந்தக் களப்புக்கரைக்கு உங்களால் போக முடியாமல் போனது என்று கற்பனை செய்யுங்கள்." வாசித்து முடித்தபிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கற்பனை தேவையில்லை, எழுதுங்கோ என்றார். முகாமில் முதலில் வாங்கியது விறகு. ஊரில் பட்டுப்போன கண்டல் கொப்புப் பொறுக்கியவர், அங்கே ஒவ்வொரு கட்டுக்கும் காசு கொடுத்தார். பிறகு நண்டு, மாசத்தில் ஒருநாள், பிள்ளைகள் கேட்டால் மட்டும். களப்புச் சேற்றில் பொறுக்கும் மட்டி அங்கே கிடைக்கவே இல்லை. வேலித் தடி வாங்கியது, ஆட்டுக்குத் தீன் வாங்க ஏலாமல் ஆட்டை விற்றது எல்லாம் சொன்னார். எந்த வருஷம் எதற்கு என்ன விலை என்று ஒன்றும் மறக்கவில்லை. எங்கள் திட்டத்தில் எவரிடமும் இவ்வளவு சுத்தமான தரவு கிடைக்கவில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

எழுதி முடித்து, எல்லாம் சரிதானே என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஊரில் இருந்தபோது நண்டு கூடப் பட்டால் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். "வாங்கினதுக்கெல்லாம் விலை சொல்லிப்போட்டன் பிள்ளை. அந்த வருஷங்களில ஒருத்தருக்கும் ஒரு நண்டு குடுக்க ஏலாமல் இருந்தனான், அதுக்கு விலை எனக்குத் தெரியாது. நீங்கள் படிச்ச ஆக்கள், பார்த்துப் போடுங்கோ."

பஸ் நிற்கும் இடம்

பெறுமதி எல்லாம் கூட்டி அறிக்கை தயாரானபோது, சாம்பல்தீவுப் பக்கம் ஒரு துண்டு கண்டலை நிரப்பி, உல்லாசப் பயணிகளின் பஸ்களுக்குத் தரிப்பிடம் கட்டும் யோசனை வந்திருந்தது. கூட்டம் வைத்தார்கள். யோகன் அண்ணையும் மற்ற மீனவர்களும் பின்வரிசையில். உப்புவெளியில் விடுதி நடத்தும் ஜெயந்தன் முன்வரிசையில். தரிப்பிடம் வேண்டும் என்று மனு எழுதியதே அவர்தான். சேர் பட்டியலை வாசித்தார்: இறால் குஞ்சு வளரும் இடம், விறகு, நண்டு. தரிப்பிட வருமானம் அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. 

அடுத்த வரி, மழைவெள்ளத்தைக் கண்டல் தாங்கி வைத்திருப்பதன் பெறுமதி. ஜெயந்தன் கையை உயர்த்தி, அது எந்தப் பக்கத்து வெள்ளம் என்று கேட்டார். சேர் படத்தில் காட்டினார். ஜெயந்தன் எழும்பிப் போய்ப் படத்தைக் கிட்டப் பார்த்தார். சில வருஷங்களுக்கு முன்பு அதே களப்பின் இன்னொரு மூலையை நிரப்பிய பிறகுதான் மாரி மழையில் தன் விடுதிக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அதுவரை அவர் வடிகாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்து கதிரையில் இருக்காமலே பேசினார்: "பஸ் நிக்க றோட்டுக்கு அங்கால இடம் பார்க்கலாம் சேர். வெள்ளம் நிக்கிறதுக்கு என்ர குசினி மட்டுந்தான் இருக்கு."

முதல் தண்டம்

தரிப்பிடம் றோட்டுக்கு அங்கால போனது. கண்டல் நின்றது. இறால் குஞ்சு வளரும் இரண்டு மாதம் கண்டலுக்குள் ஓடும் ஓடையில் ஒருவரும் வலை போடுவதில்லை, அந்த மாதங்களுக்கு மீனவர்களுக்கு ஈடாக விடுதிக்காரர் ஒரு நிதியில் காசு போடுவது என்று உடன்பாடு. மீறினால் தண்டம். தொகையை மீனவர் சங்கமே தீர்மானித்தது. பதிவேடு எழுத என்னை வைத்தார்கள்.

மூன்றாம் கிழமை ஓடையில் ஒரு வலை அகப்பட்டது. மிதப்புக் கட்டைக்கு ஒவ்வொருவரும் தனித்தனி நிறம் பூசுவார்கள்; இதில் இருந்த நிறத்தைப் பார்த்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வலை சங்கத் தலைவர் சிவராசா அண்ணருடையது. அவரைக் கூப்பிட ஒருவருக்கும் துணிவில்லை. அவர் தானாகவே வந்தார். மருமகள் பிள்ளைத்தாச்சி, இறால் சாப்பிட ஆசைப்பட்டாள், ஒரு பிடி எடுக்கலாம் என்று நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படியென்றால் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. அவர் சம்மதிக்கவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரசீதைப் பெரிய எழுத்தில எழுதுங்கோ பிள்ளை, சங்கக் கொட்டில் வாசலில ஒட்டுவம். தலைவரிட்டயே வாங்கினவை எண்டு தெரிஞ்சால்தான் இது சட்டம், இல்லாட்டி வெறும் கதை."

இத்தனை வருஷம் விலை கேட்டுத் திரிந்து நான் படித்த பொருளியல் முழுவதும் கேள்வித்தாளின் அடியில் 'வேறு கருத்துகள்' என்று விட்டிருந்த, இவர்கள் சொன்னதையெல்லாம் நான் எழுதிவைத்த இரண்டு வரி இடத்தில்தான் கிடந்தது, கணினி வாசிக்காமல் விட்டதும் அந்த இரண்டு வரியை மட்டுந்தான்.