துரை அகராதி பார்த்துக் காப்பாற்றிய மாமரம்

அந்த மாமரத்தில் கோடரி விழாது என்று முன்கூட்டியே சொன்னவன் நான். அதைக் கேட்டவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அதனால் என் பேச்சே சாட்சி!

புளித்த ரப்பர் பால் வாடை... அதற்கு நடுவே மாம்பூ வாசம்.

மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள். எனக்கு இருபது வயது, மூன்றாம் வகுப்பு முடித்த மேதை.

பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில் நின்றது அந்த மரம். பால் வெட்டப் போகும் பெண்கள் அதன் கிளைகளில்தான் தொட்டில் கட்டுவார்கள். என் அக்கா பொன்னம்மாவின் ஆறு மாதப் பிள்ளை தூங்குவதும் அங்கேதான். அந்த நிழல் போனால் அவள் வேலையும் போச்சு.

லாரி திரும்ப இடம் வேண்டுமாம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கோடரியோடு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் துரையும் கூடவே.

"இது தொரையோட மேங்கோ மரம். தொரை வெட்டுறாரு. ஒங்களுக்கென்ன?" என்றார் கிராணி.

நான் பால் வாளியைக் கீழே வைத்தேன்.

"தொரை, நாங்க மாங்காய்ங்கிறோம். மலாய்க்காரவுக மங்காங்கிறாக. நீங்க மேங்கோங்கிறீங்க. யாரு வாயிலேருந்து யாரு வாய்க்குப் போச்சு?"

துரைமார் தமிழ் படித்துப் பரீட்சை எழுதிய காலம் அது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"புக்கு பாக்கறேன். ஒங்க வார்த்தைன்னா மரம் நிக்கும். இல்லேன்னா, வெட்டு."

பங்களாவிலிருந்து அகராதி வந்தது. ஒரு ஆட்டுக்குட்டி கனம்! துரை பக்கத்தைப் புரட்டினார். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. அக்கா அசையவில்லை.

"இங்கிலீஷ்... போர்ச்சுகீஸ்லேருந்து. போர்ச்சுகீஸ், மலாய்லேருந்து. மலாய்..." துரை நிமிர்ந்தார். "தமிள்!"

அடேயப்பா! பால் நிறுக்க வந்து நின்றவர்களின் ஐம்பது வாளிகள் ஒரே நேரத்தில் தாளம் போட்டன. முப்பது மைல் தள்ளியிருக்கும் காம்பார் வரைக்கும் கேட்டிருக்கும். கிராணி வெயிலே இல்லாத இடத்தில் குடையை விரித்தார். அன்றிலிருந்து லாரி ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் வந்தது.

இன்று அங்கே தோட்டமும் இல்லை, மரமும் இல்லை. வரிசை வரிசையாக வீடுகள். ஈப்போ கடைகளில் 'மேங்கோ ஜூஸ்' என்று போர்டு. இது எங்கள் வீட்டுச் சொல் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பேன்.

"தெரியும் தாத்தா, போன வாரமும் சொன்னீங்க லா," என்பார்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். வாளியை வைத்துவிட்டுத் துரையைக் கேட்டது நான் இல்லை. பொன்னம்மா அக்கா.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் வாளி என் கையிலேயேதான் இருந்தது...