மூன்று பேரைக் கேட்பவர்

டீயில் சர்க்கரை போதுமா என்று பக்தவச்சலம் தன் நாக்கைக் கேட்க மாட்டார். அதே டீயைக் குடிக்கும் மூன்று பேரைக் கேட்பார். இருவர் போதும் என்றால் அவருக்கும் போதும். ஒரே தெரு என்பதால் பள்ளி நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன்.

இவரைத்தான் எங்கள் திறமையை அளக்க உட்கார வைத்தார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய மாடியறை. போனில் வரும் மீன் படங்களுக்குப் பெயர் போட வேண்டும். அதைப் பார்த்து எது எந்த மீன் என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இருவர் சொன்னதுதான் சரி. மூன்றாவது ஆளுக்கு மதிப்பெண் குறையும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் வேலை போச்சு.

அங்கே முக்கால்வாசிப் பேர் என்னைப் போன்ற பட்டதாரிகள். குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; மீன் கழுவக்கூட அம்மா விட்டதில்லை. டோரதி அக்கா காசிமேட்டில் இருபது வருடம் மீன் விற்றவர். முட்டி தேய்ந்து, நிற்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தார். அவருடைய மதிப்பெண் அறுபத்தொன்று.

நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு மீன்களை ஈரத்தோடு பக்தவச்சலத்தின் மேசையில் வைத்தார்.

“இது வஞ்சிரம். இது சீலா, பல்லப் பாரு. உன் பசங்க ரெண்டையும் வஞ்சிரம்னு போட்டுகினு கீறானுங்க.”

பக்தவச்சலம் மீனைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். “இன்னாப்பா சொல்றீங்க?”

ஒருவன் தெரியாது என்றான். இன்னொருவன் ரெண்டும் வஞ்சிரம் என்றான். எனக்குப் பல் தெரிந்தது. என் மதிப்பெண் தொண்ணூற்றாறு என்பதும் தெரிந்தது. நானும் வஞ்சிரம் என்றேன்.

“மீனுக்கு எலெக்சன் வெச்ச மொத ஆளு நீதான் நைனா,” என்றார் டோரதி அக்கா.

“நீ சொன்னது கரீட்டுன்னு மேலருந்து வந்தா, அத்தினி பேர் முன்னாலயும் நானே சொல்றேன். கெளம்பும்மா,” என்றார் பக்தவச்சலம்.

மூன்றாவது வாரம் மேலிருந்து கடிதம் வந்தது. மீன் தெரிந்த யாரோ சரிபார்த்திருக்கிறார்கள். டோரதி அக்கா போட்ட பெயர்கள் மட்டும் தேறின. கடிதத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவன் நான். பக்தவச்சலம் வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார்: மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவர் வேறு கம்பெனியில், இன்னும் நிறையப் பேரின் தரத்தை அளக்கிறார். டோரதி அக்கா காசிமேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வரும் பக்தவச்சலம் அந்த வரிசைப் பக்கமே வருவதில்லை.

“உங்க சாரு இன்னிக்கி எந்தப் பக்கமா சுத்திகினு போனாரு?” என்று என்னைக் கேட்கிறார் அக்கா.

அத்தனை பேர் முன்னால் சொல்கிறேன் என்றதை பக்தவச்சலம் இன்னும் ஒருவர் முன்னாலும் சொல்லவில்லை.