வாசலில் திருப்பி வைத்த செருப்பு

எங்களைப் பெற்ற அத்தாமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மண்ணுக்குள் போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன்.

அண்ணன் வேலூர்ப் பக்கம் ஒரு மதரஸாவில் ஆறு வருஷம் ஓதினான். இன்னும் ஐந்து மாதம் இருந்தால், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் தன் கையாலேயே தலைப்பாகை கட்டி, மார்க்கம் கற்ற ஆலிம் என்று ஸனதுப் பத்திரம் கொடுத்துவிடுவார். அந்த ஸனதில் ஹஜ்ரத்துக்கு ஓதிக்கொடுத்தவர், அவருக்கு ஓதிக்கொடுத்தவர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்குமாம். கடைசியில் தன் பெயர் வரும் என்று லீவில் வரும்போதெல்லாம் சொல்லி எங்கள் உயிரை எடுப்பான். இன்னொரு பெருமையும் உண்டு. பாடம் முடிந்து ஹஜ்ரத் எழுந்தால், வாசலில் கிடக்கும் அவர் செருப்பை, அவர் அப்படியே மாட்டிக்கொண்டு நடக்கும்படி திருப்பி வைக்கப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளாம். பெரும்பாலும் ஜெயிப்பது இவன்தானாம். செருப்பு எடுத்து வைப்பதற்கா இத்தனை அலட்டல் என்று கிண்டல் செய்வேன்.

எங்கள் சித்தூரில் தெருவுக்கு ஒருவர் சவுதிக்குக் கிளம்பிய காலம் அது. ஏஜெண்டு ஒரு விசாவோடு வந்ததும் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அரபி ஓதின புள்ள. அரபுக்காரங்க இவன தலமேல வெச்சிக்கினு ஆடுவாங்க” என்றார்.

லீவில் வந்த அண்ணனைத் திரும்ப அனுப்பவில்லை. அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தான். அத்தா அசையவில்லை. எனக்கு டேப் ரிக்கார்டர் வரும் என்று ஆசை காட்டியிருந்ததால் நானும் அத்தா கட்சி.

ஒருநாள் காலையில் ஹஜ்ரத்தே பஸ் ஏறி வந்துவிட்டார். அண்ணனை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்திய அத்தா, என்னை வாசலுக்கு அனுப்பினார்.

“அண்ணன் திருப்பதிக்குப் போய்கீது” என்றேன், கூசாமல்.

அவர் கீழே பார்த்தார். வாசலில் அண்ணனின் செருப்பு பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தது. அந்த வயதானவர் குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“அவன் வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா.”

தண்ணீர்கூடக் கேட்காமல் நடந்துவிட்டார்.

அண்ணன் வெளியே வந்து செருப்பைப் பார்த்தான். “யாரு இப்பிடி வெச்சது?”

“உங்க ஹஜ்ரத்துதான்” என்று சிரித்தேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சவுதியில் அவனுக்குக் கோழிப்பண்ணை வேலை. அவன் கிதாபில் படித்த அரபியைப் பேசினால் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை அத்தா யாருக்கும் படித்துக் காட்டவில்லை; நான் திருடிப் படித்தேன்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அண்ணன் அந்தச் செருப்பைத் தொடவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினான். அத்தா நடுத்தெருவில் கத்தினார். எனக்கும் எரிச்சல்தான். வாசலில் செருப்பு கிடக்கும்போதே, திருப்பதிக்குப் போயிருப்பதாக நான் சொன்ன பொய்யை அந்தப் பெரியவர் நம்பிவிட்டார் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.