மேசைக்குப் போகாத கறி

தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடித்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் வாசலில் வந்து நின்று, "உலக்கைய வெச்சிட்டு வாம்மா மரியா. வேலூர்லேர்ந்து ஆள் வந்திருக்கு" என்றார். போட்டது போட்டபடி வேலூருக்கு ஓடினேன். கழுவியும் போகாத பட்டைக் கறையோடுதான் இறந்துகிடந்த என் அண்ணன் முகத்தைத் தொட்டேன்.

சபையாரே, தேவசகாயம் அண்ணனை உங்களுக்குத் தெரியும். மிஷன் துரை பங்களாவில் சமையல்காரர். சபையில் விருந்து என்றால் அண்டா பக்கத்தில் அவர்தான் நிற்பார். "பசியோட நிக்கிறவங்க முன்னால ஜெபத்த சுருக்கமா பண்ணுங்கய்யா" என்று போதகரையே அதட்டுவார்.

கல்லறையில் மண் போடும்போது என் பின்னால் ஒருவர், "வான்கோழி போயிட்டாரு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னால் என் வீட்டு மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணன் அந்தப் பெயரோடேயே படுத்திருப்பார். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் இதை எழுதுகிறேன்.

தோல் விலை விழுந்து எங்கள் ஷாப்பை மூடியிருந்த வருஷம். என் வீட்டுக்காரருக்கு வேலையில்லை, வீட்டில் கேழ்வரகுக் கூழும் ஒருவேளைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அண்ணன் காட்பாடியில் ரயிலேறி வந்தார். தங்கச்சி வீட்டுக்குப் பண்டிகைச் சீர் கொண்டுவர வேண்டுமே. துணி மூட்டையை அவிழ்த்தார். டபுள் ரொட்டியைத் துண்டு போட்டு, நடுவில் கறி வைத்து அடுக்கியிருந்தது. பிள்ளைகள் ஓடிவந்து கை நீட்டினார்கள்.

"இன்னாப்பா இது?" என்றார் என் மாமியார்.

"சாண்டுவிச்சு அத்தே. நேத்து விருந்துல மிஞ்சின வான்கோழி."

"மிஞ்சினதா? தொரை மேசையிலயா?" மாமியார் பிள்ளைகளின் கையைத் தட்டிவிட்டார். "ஒடுகத்தூர் பண்ணை வூட்டுக் கலியாணத்துல, எல எப்ப வந்து விழும்னு வெளிய நின்னவ நானு. எச்சில் தின்னக் கூடாதுன்னுதானே வேதத்துக்கு வந்தோம்? இப்ப எச்சிலு ரயிலேறி வருதா? இதான் உன் தங்கச்சிக்குச் சீரா?"

துரை வீட்டில் பறவையை முழுசாக மேசைக்குக் கொண்டுபோவார்கள். விருந்தாளிகள் முன்னால் துரையே கத்தியெடுத்து அறுப்பார். எல்லாரும் தின்ற பிறகு எலும்பில் நிற்பதைக் குசினிக்காரருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். யார் தட்டிலும் விழாத கறிதான். அண்ணன் அதைச் சொல்லிப் பார்த்தார். மாமியாருக்குத் தட்டும் ஒன்றுதான், மேசையும் ஒன்றுதான்.

அண்ணன் மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். ஊருக்கெல்லாம் சோறு போட்டவர், என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனார். அவரை அப்படிப் பேசுகிறார்களே என்று அழுதேன். ஆனால் அழும்போதும் என் கண் அந்த மூட்டைமேல்தான் இருந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. இதை எழுதவே கூசுகிறது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் ஷாப் திறக்கவில்லை. மறுநாள் அண்ணன் அதே மாதிரி மூட்டையோடு வந்து மாமியார் எதிரில் உட்கார்ந்தார். "அத்தே, இது மேசைக்குப் போகல. வேதத்து மேல ஆணை. உங்களுக்குன்னு மொதல்ல எடுத்து வெச்சது."

மாமியார் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "உப்பும் இல்ல, காரமும் இல்ல. இத்தத் தின்னுட்டா தொரைங்க ஊர ஆளுறாங்க? ஏ மரியா, பச்சமொளகா கொண்டா!" என்றார். வீடே சிரித்தது. பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றார்கள். நானும் தின்றேன். அண்ணன் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஈஸ்டருக்கு வேலூர் போனபோதுதான் பங்களாத் தோட்டக்காரர் மனைவி சொன்னாள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் துரை கத்தியோடு எழுந்தபோது வான்கோழியின் ஒரு பக்கம் எலும்பாக இருந்ததாம். உருளைக்கிழங்கை அடுக்கி அண்ணன் அதை மறைத்திருந்தாராம். விருந்தாளிகள் முன்னால் துரைசானி, "கறி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தாம்மா தின்னுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார் அண்ணன்.

விருந்தாளிகள் சிரித்தார்களாம். ஸ்டோர் அறைச் சாவியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு சாகும்வரை ஒவ்வொரு காலையும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் அவர் துரைசானி முன்னால் கிண்ணத்தோடு நின்றார். பங்களாவில் பிறந்த பெயர் சபைக்கும் வந்துவிட்டது. நீங்களும் கூப்பிட்டீர்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்குன்னு சொன்னா உன் வூட்டுப் பசி மேசை மேல வந்துடும். உன் மாமியாருக்குத் தெரிஞ்சா அது திருட்டுக் கறி ஆயிடும். எனக்கு இன்னா, தின்னிப்பயன்னு பேரு, அவ்ளோதானே? நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. அவர் தெருவில் போகும்போது பின்னால் கேட்ட சிரிப்பெல்லாம் என் வயிற்றுக்குள் இருக்கும் கறியைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் இருக்கும். தலையைக் குனிந்துகொள்வேன்.

இதைச் சபைக்கு அனுப்புவதற்கு முன் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கண் தெரியாமல் படுத்திருக்கிறார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவன் தின்னலன்னு எழுதினா போதுமாடி? நான் தின்னேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அண்ணன் வைத்துவிட்டுப் போன துணிமணி அண்ணியிடம் இருக்கிறது. அண்ணன் சுமந்த அந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன். வான்கோழி என்று இனி யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.