கத்தி கொடுக்கும் முன் சவரிமுத்து அண்ணன் சொன்னது

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் சின்னமனூர் சலூனில் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. அப்படியே ஓடினேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. துக்க வீட்டு வாசலில் என் மகளே, "அப்பா, மூஞ்சியைத் துண்டால மூடு" என்றாள்.

அவருடைய வாழைக்காய் செட்டில் வேலைக்கு நின்றவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாக வருகிறவனிடம் தாரிலிருந்து சீப்பு அறுக்கும் கத்தியைக் கொடுக்கும் முன் அண்ணன் தன் கதையைச் சொல்வார். "தண்ணித் தகராறுல கூடப்பொறந்த தம்பியைக் கழுத்துல வெட்டினேன். வாய்க்கால்லயே செத்தான். ஜெயில்ல இருந்துட்டு வந்தவன் நான். ஊரான் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிப்புட்டேன். இஷ்டமிருந்தா நில்லு." பத்தாவது கணக்குப் பரீட்சையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அதில் பெயிலானது வேறு விஷயம்.

முதலாளியே இப்படித் திறந்து பேசியதால் எங்களுக்கும் கூச்சம் விட்டுப்போனது. "அண்ணே, இன்னைக்கு எவனையாச்சும் குத்திருவேன் போலருக்கு" என்று காலையில் வந்து நிற்பவனைத் திட்டமாட்டார். "கத்தியை வச்சிட்டுத் தொட்டியில காய் கழுவப் போ" என்பார். அத்தனை கத்தி புழங்கிய இடத்தில் ரத்தம் விழுந்தது ஒரே நாள்.

அந்த நாள் என்னுடையது. மகள் ஒரு பையனை விரும்புவது முந்தின நாள்தான் தெரிந்தது. இதைப் போய் முதலாளியிடம் சொல்வதா என்ற ரோசத்தில், வாயைத் திறக்காமல் கத்தியை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம். அண்ணன், கூட வேலை பார்த்த பாண்டி, நான் மட்டும்தான் செட்டில். எதிரே நின்ற பாண்டி, "என்ன மாமா, ஆண்டிபட்டி பஸ்ஸுல ஒம் மருமகனைப் பாத்தேன். ஒம் மக தோள்லயே தூங்கிட்டு வர்றாரு" என்றான்.

அவன் கழுத்தைத்தான் குறிவைத்தேன். குறுக்கே அண்ணனின் கை வந்தது. எலும்பு தெரியப் பிளந்தது. தொட்டித் தண்ணீர் சிவந்து, சீப்புகள் ரத்தத்தில் மிதந்தன. பாண்டி ஓடினான், கேரளாப் பக்கம் போனவன் திரும்பவே இல்லை. அண்ணன் என் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கினார்.

"ஏலே, காலையிலயே சொல்லியிருந்தா ஒன்னையத் தொட்டிக்கு விட்டிருப்பேன்ல?"

ஆஸ்பத்திரியில், "தார் வெட்டையில கத்தி வழுக்கிருச்சு" என்றார். தான் செய்த கொலையை ஒளிக்காத மனிதர் என் வெட்டை ஒளித்தார். அந்தப் பையனுக்கே மகளைக் கொடுத்தேன். அவன்தான் அடக்கத்தன்று அண்ணனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

பெட்டியை மூடும் முன், ஜெபமாலை சுற்றிய அண்ணனின் கையை அவர் மனைவி, எங்கள் மதினி, தடவிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் எங்கிட்டச் சொன்னாக. இந்தத் தழும்பைக் கேட்டா மட்டும் வழுக்கிருச்சுன்னு முடிச்சிருவாக. நீ அன்னைக்கு அங்கன இருந்தேல்ல, நெசமாவே வழுக்குச்சா?"

"ஆமா மதினி" என்றேன், துண்டுக்குள்ளிருந்து.

செட்டில் இப்போது கத்தி கொடுப்பது நான். "இன்னைக்கு மனசு எப்படி?" என்று ஒவ்வொருவனையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. மதினியிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று: வழுக்கவில்லை மதினி, வெட்டியது நான்.