செலின் போட்ட முதலாவது கையெழுத்து

மேரிசெலினுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் அறுபத்திரண்டு பிள்ளைகளையும் கையுறையை வைத்தே சொல்லத் தெரியும். ஈரக் கையுறைகளை ஹீட்டரில் காயப்போட்டு, ஆள் மாறாமல் அவரவர் கொளுவியில் மாட்டிவிடுவாள். வேலை ஒப்பந்தத்தில் இது இல்லை. அதில் இருந்தது தரையும் கழிப்பறையும்தான். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் இருந்து காரில் இருபது நிமிடம், ஒரு தேவாலயத்துக்கும் ஒரு பன்றிப் பண்ணைக்கும் நடுவே நின்றது பள்ளிக்கூடம். பதின்மூன்று வருடமாக அங்கே துப்புரவு வேலை அவளுடையது. மகன் சுஜன் அங்கேதான் நாலாம் வகுப்பு.

அந்த மாரியில் கொம்யூன்காரருக்கு, அதுதான் உள்ளூராட்சிக்காரருக்கு, ஒரு யோசனை வந்தது: சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிப் பிள்ளைகளை நகரத்துக்கு பஸ்ஸில் ஏற்றுவது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் எழுதித் தரலாம். டென்மார்க்கில் கழுத்தை வெட்டுவதென்றாலும் முதலில் கருத்துக் கேட்பார்கள். தந்த கருத்துக்கு நன்றியும் சொல்வார்கள்.

செலினின் டேனிஷ் வாளி, சவர்க்காரம், நேரம் என்ற எல்லைக்குள் நன்றாக ஓடும். அதைத் தாண்டினால் பெற்றோல் முடிந்துவிடும். ஆகவே ஊரின் ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதும்படி குணசேகரத்தைக் கேட்டாள். அவர் ஹேர்னிங்கில் இருக்கும் எஞ்சினியர். அவருடைய டேனிஷ் இஸ்திரி போட்ட சட்டை, ஒரு சுருக்கம் இராது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பக்கக் கடிதத்தோடு வந்தார். செலின் மீன் கட்லட் பொரித்து வைத்தாள்.

"பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியளோ அண்ணை?"

"பிள்ளையளின்ர எதிர்காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறன் தங்கச்சி. வாசிக்கிறியளோ?"

"ஐயோ, நீங்கள் எழுதினதை நான் வாசிச்சுப் பிழை பிடிக்கவே?"

முதலாவது கையெழுத்து அவளுடையது. மற்ற நாலு வீட்டிலும், "செலின் அக்கா போட்டிட்டா" என்று அவளுடைய கையெழுத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள்.

கெடு வெள்ளிக்கிழமை கழிந்து வந்த செவ்வாய் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். கொம்யூனில் இருந்து வந்த பெண்மணி கருத்துகளைச் சுருக்கமாக வாசித்தார். எல்லாம் மூடாதே, மூடாதே. பிறகு குரலைக் கொஞ்சம் இனிப்பாக்கினார்.

"ஐந்து தமிழ்க் குடும்பங்கள் பெரிய பள்ளிக்கூடமே தங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் ஒப்பமிட்டிருப்பவர் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை செய்பவர்."

பள்ளிக்கூட அதிபர் கியர்ஸ்டன் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் செலின் சமாளித்திருப்பாள். அவள் அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

செலின் எழும்பினாள். "அது நான் இல்லை" என்றாள் டேனிஷில். தாளைக் காட்டினார்கள். அவளேதான். கையெழுத்தை மீளப் பெறலாமா என்று கேட்டாள். கால எல்லை வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

கார் தரிப்பிடத்தில் குணசேகரத்தைப் பிடித்தாள்.

"என்ன வேலை அண்ணை பாத்தனியள்?"

"ஆறுதலாக் கதைப்பம் தங்கச்சி. வகுப்பில ஒம்பது பிள்ளையளோட இருந்து உங்கட பெடியன் என்னத்தைப் படிக்கிறது? நல்லதுக்குத்தான் எழுதினனான்."

"உங்களுக்கு நல்லதெண்டு பட்டா உங்கட பேரில எழுதுங்கோ. என்ர பேர் என்னத்துக்கு?"

"என்ர பேரை ஆர் கணக்கெடுக்கப் போகினம்? நீங்கள் அங்க வேலை செய்யிற ஆள்…"

"அப்ப தெரிஞ்சுதான் முதல்ல என்னட்ட வந்தனியள்."

அவர் கார்த் திறப்பைத் தேடினார். திறப்பு கையில்தான் இருந்தது.

"நாலு கட்லட் திண்டனியள் அண்ணை. ஒண்டாவது தொண்டையில நிக்கேல்லையோ?"

மறுநாள் காலை கியர்ஸ்டன் கேட்டாள்: "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, செலின்?"

செலினிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் துரோகி, மற்றதைச் சொன்னால் வாசிக்கத் தெரியாதவள். பதின்மூன்று வருடமாக ஒளித்து வைத்ததை எடுத்து வைத்தாள்: "நான் வாசிக்கவில்லை. மூன்று பக்கம் எனக்கு அதிகம்."

கியர்ஸ்டன் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நாள்தோறும் கேட்பவள், கோப்பி குடிக்கிறாயா என்று மட்டும் அன்று கேட்கவில்லை.

அன்றே செலின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து, தானே டேனிஷில் ஒரு கடிதம் எழுதினாள். அரைப் பக்கம். முதல் வரி: நான் ஏமாந்துபோனேன். இரண்டாம் வரி: இந்தப் பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம். சுஜன் எட்டிப் பார்த்து, பதினொரு பிழை இருக்கிறது, திருத்தித் தரட்டுமா என்று டேனிஷில் கேட்டான்.

"தொடாதை. பிழையோட போகட்டும். அப்பதான் நான் எழுதினதெண்டு நம்புவினம்."

கடிதம் கிடைத்தது, நன்றி, காலம் கடந்ததால் சேர்க்கப்படவில்லை என்று பதில் வந்தது. அடுத்த கிழமை கொம்யூன் சபையில் மூன்று வாக்கு வித்தியாசத்தில் பள்ளிக்கூடத்தை மூட முடிவாயிற்று.

செலின் தான் எழுதிய அரைப் பக்கக் கடிதத்தின் பிரதியை ஆசிரியர் அறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கடைசி நாள்வரை அந்தக் கதவை அவள் கடிதத்தைச் சுற்றித்தான் துடைத்தாள்.