மேபலின் கைப்பையில் இருந்த பவுடர் பஞ்சு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் மாதா கோயிலில் நாள் கேட்பார்கள், அடுத்தது மேபலிடம் கேட்பார்கள். மண்டபமெல்லாம் அதற்குப் பிறகுதான். இருபது வருடமாக மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்தவள் மேபல். கப்பல் வேலைக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. எந்தத் துறைமுகத்தில் குடும்பம் வைத்திருக்கிறான் என்று அவளுக்கும் தெரியாது. குட்டையாக இருப்பாள், வேகமாக நடப்பாள், தோளில் எப்போதும் ஒரு கறுப்புக் கைப்பை. அதற்குள் ஒரு கொம்பாக்ட் பவுடரும் வட்ட வட்டப் பஞ்சுகளும் இருக்கும்.

"பவுடர் எந்தக் கடையிலயும் வாங்கலாம். பஞ்சு பிடிக்கிற கையிலதான் விசயம் இருக்கு" என்பாள். தேய்க்கவே மாட்டாள், ஒற்றி ஒற்றித்தான் எடுப்பாள். பெண் சிரித்தாலும் அழுதாலும் முகத்தில் பவுடர் வெடிக்காது.

கல்யாணம் இல்லாத நாட்களில் பொரளையில் வேலை என்று பஸ் ஏறுவாள். ஏதோ சலூன் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவளும் திருத்தவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் மகள் றொசானாவின் கல்யாணம். கோயில் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே பிள்ளைக்கு வியர்த்து வடிந்தது. மேபல் ஓடிவந்து, கைப்பைக்குள் கைவிட்டுப் பஞ்சை எடுத்து ஒரு கன்னத்தை ஒற்றினாள். அப்போது மாப்பிள்ளையின் சித்தி உஷாந்தி, வெள்ளவத்தையில் இருந்து வந்தவர், மேபலைக் கண்டு கண் கலங்கிவிட்டார்.

"ஐயோ, நீங்களா? பொரளை மலர்ச்சாலையில எங்கட அம்மாவுக்கு முகம் செய்தது நீங்கதானே! பெட்டிக்குள்ள நித்திரை கொள்ற மாதிரியே இருந்தா. உங்கள நான் மறக்கவே மாட்டன்."

அந்த மனுசி நன்றி சொல்லத்தான் வந்தார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. மலர்ச்சாலை! சவத்தை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்கிற இடம்! பிணத்துக்குப் பவுடர் போடுகிற கை! பிணத்தை ஒற்றிய பஞ்சு என் பிள்ளையின் முகத்தில்! மாதாவே! பஞ்சு புதிதா பழையதா என்று பார்க்கிற நிதானம் எனக்கு எங்கே இருந்தது? மேபலின் கையில் ஓங்கித் தட்டினேன். கொம்பாக்ட் படியில் விழுந்து தூளாய்ப் போனது.

"சவத்துக்குப் பூசினதையா என்ர பிள்ளைக்குப் பூசுறாய்? தூரப் போடி!"

மேபல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கதைக்காத!" என்று கத்தினேன். என் புருசன் ஹியூபேட், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிசன், "மாக்ரெட், சனம் பார்க்குது" என்று என் தோளைப் பிடித்தார். நான் கேட்கவில்லை. பிள்ளையைப் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெறும் முகத்தோடுதான் றொசானா பீடத்துக்குப் போனாள்.

அதோடு விட்டேனா? நரம்பில்லாத நாக்கு! மீன் வாங்கும் இடத்தில் சொன்னேன், நவநாள் பூசை முடிந்து சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேபலிடம் நாள் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆறு மாதத்தில் அவளைக் கூப்பிட எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வீடும் இல்லை. எனக்குத் துளியும் உறுத்தவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்தேன்.

போன ஓகஸ்டில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்ற ஹியூபேட் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. விடியற்காலை என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்த மனிசன்! பகல் இரண்டு மணிக்கு அவருடைய கோட்டையும் டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பொரளை மலர்ச்சாலையில் நிற்கிறேன். உள்கதவைத் திறந்துகொண்டு வந்தது மேபல்.

அவள் என் கையில் இருந்த பையை வாங்கினாள்.

"அண்ணன் எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறவர்?"

"இடப் பக்கம்."

"பார்க்க ஏலுமெண்டா உள்ள வந்து நில்லுங்க, அக்கா."

விழுந்ததில் ஹியூபேட்டின் நெற்றி உரசிப்போய் இருந்தது. மேபல் ஒரு பக்கற்றைப் பிரித்துப் புதுப் பஞ்சு எடுத்தாள். ஒற்றி ஒற்றி அந்தக் காயத்தை இல்லாமலே ஆக்கினாள். முடிந்ததும் அவர் தலையை மெல்லத் தூக்கி, பஞ்சைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"அது ஏன் அங்க?"

"அவருக்குப் போட்டது அவரோடயே போகட்டும். இன்னொரு முகத்தில படக்கூடாது. இங்க வந்த நாளில இருந்து அப்பிடித்தான் செய்யிறனான்."

"அப்ப றொசானாவுக்கு..."

"பிள்ளைக்குப் புதுப் பஞ்சு அக்கா. அண்டைக்குக் காலைமைதான் பிரிச்சனான்."

"ஏனடி அப்பவே சொல்லேல்ல?"

"சொல்ல விட்டீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த ஒரு கேள்வியில் நான் செத்துப்போனேன்.

அடக்கத்தன்று, பெட்டி மூடுவதற்கு முன் முகத்தை ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய மலர்ச்சாலையில் இருந்து மேபலை அனுப்பியிருந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கிற நேரம். வீடு நிறைய எங்கள் ஒழுங்கைச் சனம். அவள் ஹியூபேட்டின் நெற்றியை ஒற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"மேபல் என்ர பிள்ளைக்குப் போட்டது புதுப் பஞ்சு. கேட்காம, பார்க்காம ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிஞ்சது நான். மேபல், போட்டோவுக்கு முதல் என்ர முகத்துக்கும் போட்டு விடு."

அழுது வீங்கிய முகத்தை அவளிடம் நீட்டினேன்.

மேபல் என்னையே பார்த்தாள். கைப்பையைத் திறந்து புதுப் பஞ்சு ஒன்றை எடுத்தாள். என் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். கை நின்றுவிட்டது. அவளுடைய விரல்கள் நடுங்கின. ஒரு நிமிடத்துக்கு முன் ஹியூபேட்டின் நெற்றியில் இம்மியும் ஆடாத அதே விரல்கள்!

"ஏலாது அக்கா. அண்டையில இருந்து உயிரோட இருக்கிற முகத்துக்குக் கிட்டப் போனாலே கை நடுங்குது. தட்டி விட்டிருவாங்களோ எண்டு பயம்."

பஞ்சை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மூடிவிட்டாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சனத்துக்குள் வழி கேட்டு வெளியே போனாள்.